‘ஒரு செட்டிங்தானே மாத்துறோம்!’ – உலகை நிறுத்திய சின்ன ஃபைல்கள்: டெஸ்டிங்கிலிருந்து லைவுக்குப் போகும் வழியில் என்ன தவறுகிறது?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரப்படி காலை 9.39 மணி. அமெரிக்க சைபர் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக், தன் வாடிக்கையாளர்களின் விண்டோஸ் கணினிகளுக்கு ஒரு சின்ன ஃபைலை அனுப்பியது. அது புதிய சாஃப்ட்வேர் இல்லை, புது வெர்ஷன்கூட இல்லை. ஏற்கெனவே அந்தக் கணினிகளில் ஓடிக்கொண்டிருந்த சாஃப்ட்வேர் எதையெதைக் கண்காணிக்க வேண்டும் என்று சொல்லும் ஒரு குறிப்பு, அவ்வளவுதான்.

காலை 10.57க்கு அந்த ஃபைல் திரும்பப் பெறப்பட்டது. இடையில் 78 நிமிடங்கள். அதற்குள், மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி, 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையைக் காட்டி நின்றுவிட்டன. சென்னை உட்பட இந்திய விமான நிலையங்களில் செக்-இன் கணினிகள் முடங்கி, ஊழியர்கள் பேனா எடுத்து போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்கள் நோயாளிகளின் பதிவுகளைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். அமெரிக்காவின் டெல்டா ஏர்லைன்ஸ் ஐந்து நாட்களில் சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்தது. தங்களுக்கு 50 கோடி டாலர் இழப்பு என்று அதன் தலைமைச் செயல் அதிகாரி சொன்னார்.

ஃபைலைத் திரும்பப் பெற்றதும் பிரச்னை முடிந்துவிடவில்லை. நின்றுபோன கணினி மறுபடி மறுபடி ஸ்டார்ட் ஆகி, மறுபடி மறுபடி நின்றது. இணையத்தோடு பேச முடிந்தால்தானே திருத்தம் வந்து சேரும்? பெரும்பாலான இடங்களில் யாராவது ஒருவர் அந்தக் கணினியின் முன் உட்கார்ந்து, சேஃப் மோடில் திறந்து, அந்த ஃபைலைத் தேடிக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. பத்தாயிரம் கணினி வைத்திருக்கும் நிறுவனத்தில் இந்த வேலை எப்படி இருந்திருக்கும் என்று ஐ.டி. சப்போர்ட்டில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

உலகின் பெரிய டெக் முடக்கங்கள் பலவற்றுக்கும் இந்தச் சம்பவத்துக்கும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. ஹேக்கர் யாரும் வரவில்லை, கேபிள் எதுவும் அறுபடவில்லை. யாரோ, வழக்கமான வேலையாக, ஒரு மாற்றத்தை லைவுக்கு அனுப்பினார்கள். ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் செய்யப்படும் மாற்றங்களால்தான் ஏறக்குறைய 70 சதவிகித முடக்கங்கள் வருகின்றன என்று கூகுளின் பொறியாளர்கள் தங்கள் அனுபவத்தை வைத்துப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார்கள்.

கோடு வேறு, கான்ஃபிக் வேறு

ஒரு செயலியை இயக்கும் நிரல்தான் கோடு. அந்தக் கோடு எந்த டேட்டாபேஸோடு பேச வேண்டும், பேமென்ட் பக்கத்துக்கு எந்த ரகசியச் சாவியைப் பயன்படுத்த வேண்டும், பதில் வராவிட்டால் எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும், புதிதாகச் சேர்த்த வசதியை யாருக்குக் காட்டலாம், யாருக்கு இப்போதைக்கு மறைக்கலாம்? இவையெல்லாம் கோடுக்கு வெளியே தனியாக எழுதிவைக்கப்படும். அதுதான் கான்ஃபிகரேஷன். அலுவலகப் பேச்சில் ‘கான்ஃபிக்’.

ஒரு மாற்றம் மக்களிடம் வந்து சேர்வதற்குமுன் பொதுவாகச் சில இடங்களைக் கடக்கும். முதலில் எழுதுபவரின் லேப்டாப். பிறகு டெஸ்டிங். அதன்பின் லைவைப் போலவே அமைக்கப்பட்ட ‘ஸ்டேஜிங்’. கடைசியாக, நீங்களும் நானும் தொடும் லைவ், அதாவது ‘புரொடக்‌ஷன்’. இந்த எல்லா இடங்களிலும் கோடு ஒன்றாகவே இருக்க வேண்டும். ஆனால் கான்ஃபிக் வேறுவேறாகத்தான் இருந்தாக வேண்டும். ஸ்டேஜிங் செயலி உண்மையான வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கில் கைவைக்கக் கூடாது இல்லையா?

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. எது இடத்துக்கு இடம் மாறுகிறதோ, அதை வேறோர் இடத்தில் வைத்து முழுசாகச் சோதிக்க முடியாது. ‘ஸ்டேஜிங்ல நல்லாத்தான் ஓடுச்சு’ என்று ஒருவர் சொன்னால், ஸ்டேஜிங் கான்ஃபிக்கோடு அது ஓடியது என்பதற்குத்தான் அது சாட்சி. லைவ் டேட்டாபேஸின் முகவரியில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தால் அது லைவில்தான் தெரியும். சோதனைக்கான பேமென்ட் சாவி தவறிப்போய் லைவுக்கு வந்துவிட்டால் இன்னும் மோசம். வாடிக்கையாளருக்குப் ‘பணம் செலுத்தப்பட்டது’ என்று வரும், கடைக்கு ஒரு ரூபாயும் வராது. எர்ரர் எதுவும் வராது என்பதால் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

சில நேரம் இது சிரிப்போடு முடியும். 2021 ஜூனில் ஹெச்.பி.ஓ. மேக்ஸ் சந்தாதாரர்கள் பலருக்கு ‘இன்டெக்ரேஷன் டெஸ்ட்’ என்று தலைப்பிட்ட மெயில் வந்தது. சோதனைக்குள் நிற்க வேண்டியது உண்மையான முகவரிகளுக்குப் போய்விட்டது. ‘ஆமாம், இன்டர்ன்தான் காரணம்’ என்று நிறுவனமே ட்விட்டரில் ஒப்புக்கொண்டது. உடனே உலகெங்கும் இருந்து சீனியர்கள் அந்த முகம் தெரியாத இன்டர்னுக்குத் தங்கள் பழைய சொதப்பல்களைச் சொல்லி ஆறுதல் எழுதினார்கள். இந்தத் துறையில் லைவைக் கீழே சாய்க்காத சீனியர் அபூர்வம்.

21 கேட்டது, 20 கொடுத்தது

கிரவுட்ஸ்ட்ரைக் விஷயத்துக்கு வருவோம். அந்த நிறுவனம் பின்னர் வெளியிட்ட விரிவான அறிக்கை, கான்ஃபிக் பற்றிக் கவலைப்படும் யாரும் ஒருமுறை படிக்க வேண்டியது.

2024 பிப்ரவரியில் அதன் சாஃப்ட்வேரில் ஒரு புதிய கண்காணிப்பு முறை சேர்ந்தது. அந்த முறைக்கான குறிப்பு ஃபைலில் 21 கட்டங்கள் இருக்கலாம் என்று வரையறுத்திருந்தார்கள். ஆனால் கணினிக்குள் ஓடும் கோடு 20 மதிப்புகளைத்தான் எடுத்துக் கொடுத்தது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் போன ஃபைல்களில் 21வது கட்டத்தில் ‘எதுவானாலும் பரவாயில்லை’ என்ற பொருள் தரும் குறியீடுதான் இருந்தது. அதனால் அந்தக் கட்டத்தை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. சோதனைகளும் அப்படியே நடந்தன, எல்லாம் பாஸ். ஜூலை 19 அன்று போன ஃபைல்தான் முதன்முறையாக 21வது கட்டத்தில் உண்மையான ஒரு நிபந்தனையை வைத்தது. கோடு இல்லாத 21வது மதிப்பைத் தேடிப்போய், தனக்கு உரிமையில்லாத நினைவகப் பகுதியைத் தொட்டது. விண்டோஸின் மையப் பகுதியிலேயே ஓடும் சாஃப்ட்வேர் என்பதால், விழும்போது முழுக் கணினியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தது.

ஃபைல் சரியா என்று பார்ப்பதற்காகவே அந்த நிறுவனத்திடம் ஒரு தானியங்கிச் சோதனை இருந்தது. அதுவும் 21 மதிப்புகள் வரும் என்று நம்பிக்கொண்டிருந்ததால், பச்சைக்கொடி காட்டிவிட்டது. காவலுக்கு நின்றவரும் அதே தவறான முகவரியைத்தான் கையில் வைத்திருந்தார்.

இதில் வாடிக்கையாளர்களுக்கு அதிகம் வலித்தது வேறொன்று. கிரவுட்ஸ்ட்ரைக்கின் சாஃப்ட்வேர் வெர்ஷன்கள் படிப்படியாகத்தான் வெளியாகும். ‘புதுசு வேண்டாம், அதற்கு முந்தைய வெர்ஷனே போதும்’ என்று வாடிக்கையாளர்கள் தேர்வு செய்துகொள்ளவும் வசதி உண்டு. எச்சரிக்கையான நிறுவனங்கள் அப்படித்தான் வைத்திருந்தன. ஆனால் அந்தத் தேர்வு கோடுக்கு மட்டும்தான். இந்தக் குறிப்பு ஃபைல்கள் எந்தத் தேர்வையும் கேட்காமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தன. முன்கதவில் மூன்று பூட்டுப் போட்டவர்களுக்குப் பின்கதவு திறந்திருப்பது அன்றுதான் தெரிந்தது.

நிறுவனத்தின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. புதிய தாக்குதல் முறை வெளிப்பட்டால் பாதுகாப்பு நிறுவனம் மணிக்கணக்கில் காத்திருக்க முடியாது, தாக்குபவர் காத்திருக்க மாட்டார். அதற்காகத்தான் இந்த வேகமான வழியே உருவானது. ஆனாலும் இந்த ஃபைல் போன இடத்தில் கணினி விழ அதிக நேரம் ஆகவில்லை. முதலில் ஆயிரம் கணினிகளுக்கு அனுப்பி ஒரு கால் மணி நேரம் பார்த்திருந்தால், ஆயிரத்தோடு நின்றிருக்கும். வேகம் வேண்டும் என்பதற்காக அந்தக் கால் மணி நேரத்தையும் விட்டுக்கொடுத்தது சரியான கணக்கு இல்லை. இப்போது அந்த நிறுவனம் குறிப்பு ஃபைல்களையும் படிப்படியாகவே அனுப்புகிறது, எப்போது ஏற்பது என்று தீர்மானிக்கும் வசதியை வாடிக்கையாளருக்கும் கொடுத்திருக்கிறது.

முதல் பந்தியில் எத்தனை பேர்?

கல்யாண வீட்டில் ஆயிரம் பேருக்கும் ஒரே நேரத்தில் இலை போடுவதில்லை. பந்தி பந்தியாகத்தான் பரிமாறுவார்கள். சாம்பாரில் உப்பு கூடிப்போயிருந்தால் முதல் பந்தியிலேயே சத்தம் வந்துவிடும், இரண்டாவது பந்திக்குள் சரிசெய்துவிடலாம். சாஃப்ட்வேர் உலகில் இதற்கு ‘கேனரி’ என்று பெயர். அந்தக் காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போகிறவர்கள் கூண்டில் கேனரி பறவையை எடுத்துப்போவார்கள். நச்சுவாயு இருந்தால் மனிதரைவிட முதலில் பாதிக்கப்படுவது அந்தப் பறவை.

முதலில் நிறுவனத்தின் சொந்த ஊழியர்கள், பிறகு ஒரு சதவிகிதம் பயனாளர்கள், பிறகு பத்து, பிறகு ஐம்பது. ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். சும்மா காத்திருந்தால் போதாது. எர்ரர்கள் கூடுகின்றனவா, வேகம் குறைகிறதா, பேமென்ட்கள் எண்ணிக்கை விழுகிறதா என்று கருவிகள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வரம்பு தாண்டினால் யாரையும் கேட்காமல் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு போன் அடித்து, ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்து, எது மாறியது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும்.

கோடு விஷயத்தில் இதை இன்று பெரும்பாலான பெரிய நிறுவனங்கள் செய்கின்றன. கான்ஃபிக் விஷயத்தில்தான் வழுக்குகிறது. ‘ஒரு நம்பர்தானே மாத்துறோம், இதுக்கு எதுக்குப்பா ரிலீஸ் ப்ராசஸ்?’ என்ற வாக்கியத்தைச் சொல்லாத டீம் இருக்க முடியாது. கோடு பின்வாசல் வரை பரிசோதனை தாண்டி வருகிறது. கான்ஃபிக் ஒரு பட்டனில் உலகம் முழுக்கப் போய்விடுகிறது.

அதற்கு கூகுளே சாட்சி. 2025 மே 29 அன்று கூகுள் கிளவுடில் ஒரு புதிய கோடு சேர்க்கப்பட்டது. எந்த வாடிக்கையாளருக்கு எவ்வளவு பயன்பாட்டு வரம்பு என்று கூடுதலாகச் சரிபார்க்கும் கோடு. முறைப்படி ஒவ்வொரு பிராந்தியமாகத்தான் அதை நிறுவினார்கள். ஆனால் குறிப்பிட்ட வகைக் கொள்கைத் தரவு வந்தால்தான் அந்தக் கோடு வேலை செய்யத் தொடங்கும். அப்படியொன்று வரவே இல்லை என்பதால், படிப்படியாக நிறுவிய நாட்களில் அது ஒருமுறைகூட ஓடவில்லை. ஜூன் 12 அன்று அந்தத் தரவு வந்தது, சில கட்டங்கள் காலியாக. காலியான கட்டத்தைக் கண்டால் என்ன செய்வது என்று கோடுக்குச் சொல்லித்தரப்படவில்லை. அந்தத் தரவோ உலகம் முழுக்கச் சில விநாடிகளில் பிரதி ஆகும் அமைப்பில் இருந்தது. பிராந்தியம் பிராந்தியமாகப் போன கோடு, எல்லாப் பிராந்தியங்களிலும் ஒன்றாக விழுந்தது. ஸ்பாட்டிஃபை, டிஸ்கார்ட் போன்ற சேவைகள் தடுமாறின.

பத்து நிமிடங்களில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள், சுமார் 40 நிமிடங்களில் பெரும்பாலான இடங்களில் அந்தக் கோடை அணைத்துவிட்டார்கள். ஆனால் அமெரிக்காவின் ஒரு பெரிய பிராந்தியத்தில் மீள இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஆனது. நின்றிருந்த சர்வர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே டேட்டாபேஸை மொய்த்ததால் வந்த வினை. திரும்பி எழுவதற்கும் பந்தி முறை தேவைப்படுகிறது.

பின்னால் போவதும் ஆபத்துதான்

‘பிரச்னை வந்தா ரோல்பேக் பண்ணிக்கலாம்’ என்பது இந்தத் துறையின் பெரிய ஆறுதல். 2012 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் பங்குச்சந்தையில் நடந்ததைத் தெரிந்தவர்கள் அதை அவ்வளவு நிம்மதியாகச் சொல்ல மாட்டார்கள்.

நைட் கேப்பிடல் என்ற பங்குத் தரகு நிறுவனம், அன்று தொடங்கவிருந்த ஒரு புதிய வர்த்தகத் திட்டத்துக்காகத் தன் எட்டு சர்வர்களிலும் புதுக் கோடைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஏழில் சேர்த்தார்கள். எட்டாவது விட்டுப்போனது. இரண்டாவதாக ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுதப்பட்ட நடைமுறை அங்கே இல்லை என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்காற்று அமைப்பு பின்னர் குறிப்பிட்டது.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. புதிய வசதியை இயக்க அவர்கள் ஒரு பழைய ‘ஃப்ளாக்’கை, அதாவது ஆன்–ஆஃப் அடையாளத்தை, மறுபடி பயன்படுத்தியிருந்தார்கள். அந்த ஃப்ளாக் 2003இலேயே கைவிடப்பட்ட ‘பவர் பெக்’ என்ற பழைய வசதிக்குச் சொந்தமானது. கைவிட்டார்களே தவிர, அந்தக் கோடை அழிக்கவில்லை. புதுக் கோடு உள்ள ஏழு சர்வர்களில் அந்த ஃப்ளாக் புதிய வசதியை எழுப்பியது. எட்டாவதில் ஒன்பது ஆண்டுகளாகத் தூங்கிய பழைய பேயை எழுப்பியது. ஆர்டர் நிறைவேறியதா என்றே கணக்குப் பார்க்காமல் அது மேலும் மேலும் பங்குகளை வாங்கியும் விற்றும் தள்ளியது.

சந்தை திறப்பதற்கு முன்பே ‘பவர் பெக்’ பெயரைச் சொல்லி 97 மெயில்கள் ஊழியர்களுக்குத் தானாகப் போயிருந்தன. அவை எச்சரிக்கை என்று வடிவமைக்கப்பட்டவை அல்ல, யாரும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. (உங்கள் மெயிலில் படிக்காமல் தனி ஃபோல்டருக்குப் போகும் அலர்ட்களை இந்த இடத்தில் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.)

சந்தை திறந்து தீ பற்றியதும், பொறியாளர்கள் வழக்கமான முடிவை எடுத்தார்கள். புதுக் கோடுதான் காரணமாக இருக்கும், அதை எடுத்துவிடுவோம். சரியாக ஓடிக்கொண்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதுக் கோடை எடுத்தார்கள். ஆனால் வந்துகொண்டிருந்த ஆர்டர்களில் ஃப்ளாக் இன்னும் ‘ஆன்’ ஆகவே இருந்தது. இப்போது எட்டு சர்வர்களிலும் பழைய பேய் எழுந்துவிட்டது. கோடைப் பின்னால் இழுத்தவர்கள், கான்ஃபிக்கைப் பின்னால் இழுக்க மறந்துவிட்டார்கள். சுமார் 45 நிமிடங்களில் 154 பங்குகளில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள். 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அடுத்த ஆண்டு இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து, நைட் கேப்பிடல் என்ற தனி நிறுவனம் இல்லாமல் போனது.

ரோல்பேக் என்பது நெருக்கடியில் யோசித்துச் செய்யும் வேலையாக இருக்கக் கூடாது என்பது இதிலிருந்து பலரும் எடுத்துக்கொண்டது. எந்தக் கோடு, எந்தக் கான்ஃபிக், இரண்டும் சேர்ந்து எந்த நிலையில் சரியாக ஓடின என்பதை ஒரே ஜோடியாகப் பதிந்துவைத்து, அந்த ஜோடிக்குத் திரும்புவதை ஸ்டேஜிங்கில் முன்கூட்டியே பழகிப் பார்ப்பார்கள். தீயணைப்புப் பயிற்சி மாதிரி.

திரும்பும் பாதை, உடைந்த பாலத்தின் மேலேயே போகக் கூடாது என்பதும் முக்கியம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் காணாமல் போயின. இந்தியாவில் அப்போது இரவு ஒன்பது மணி தாண்டிய நேரம். பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை, அந்த நிறுவனத்தின் டேட்டா சென்டர்களை இணைக்கும் மைய நெட்வொர்க்கையே துண்டித்துவிட்டது. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்க ஒரு தணிக்கைக் கருவி இருந்தது, அதில் ஒரு பிழை. சரிசெய்யப் போன பொறியாளர்களின் உள் கருவிகளும் அதே நெட்வொர்க்கைத்தான் நம்பியிருந்தன. டேட்டா சென்டருக்கு நேரில் போனால், உள்ளே நுழையவும் கருவிகளைத் தொடவும் இருக்கும் கடுமையான பாதுகாப்பு முறைகள் நேரத்தைத் தின்றன.

வெள்ளிக்கிழமை இரவு செய்த ‘சின்ன’ திருத்தம்

இவையெல்லாம் பெரிய நிறுவனங்களின் கதை. ஓ.எம்.ஆரிலோ சிறுசேரியிலோ இருக்கும் இருபது பேர் டீமுக்கு கேனரிக்கு வழியே இருக்காது. சர்வரே மொத்தம் இரண்டுதான். அங்கே வேறு விதமான ஆபத்து உட்கார்ந்திருக்கும்.

இப்படி யோசித்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி லைவ் திணறுகிறது. சீனியர் ஒருவர் நேராக லைவ் சர்வருக்குள் போய், காத்திருப்பு நேரத்தை 30 விநாடியிலிருந்து 90 ஆக்குகிறார். பிரச்னை தீர்கிறது. ‘திங்கட்கிழமை வந்து ரெபோல போட்டுடறேன்டா’ என்கிறார். திங்கட்கிழமை வேறு வேலை வந்துவிடுகிறது. மூன்று வாரம் கழித்து ஜூனியர் ஒருவர், எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு பட்டன் நிறத்தை மாற்றி லைவுக்கு அனுப்புகிறார். ரெபோவில் இருக்கும் பழைய 30, லைவில் இருந்த 90ஐ அழித்து எழுதுகிறது. லைவ் மறுபடி திணறுகிறது. ‘நீ என்னடா பண்ணுன?’ என்று எல்லோரும் ஜூனியரைப் பார்க்கிறார்கள்.

எழுதிவைத்திருப்பதும் உண்மையில் ஓடுவதும் இப்படி விலகிப்போவதை ‘டிரிஃப்ட்’ என்கிறார்கள். இதற்கு வைத்தியம் பெரிய செலவு பிடிப்பதல்ல. லைவ் கான்ஃபிக்கும் கோடு மாதிரியே பதிவாகும் இடத்தில் இருக்க வேண்டும். யார், எப்போது, எதை, ஏன் மாற்றினார் என்பது அதில் நிற்க வேண்டும். அவசரத்துக்கு நேரடியாகக் கைவைத்தாலும், அன்றைக்கே அது பதிவில் ஏற வேண்டும். லைவில் ஓடுவதையும் பதிவில் இருப்பதையும் தினமும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும்.

ஃபைலை ஸ்டேஜிங்கிலிருந்து லைவுக்கு அப்படியே காப்பி செய்யும் பழக்கமும் இப்படித்தான். பொதுவான மதிப்புகள் ஓரிடத்தில், இடத்துக்கு இடம் மாறுபவை தனியாக, பாஸ்வேர்டும் ரகசியச் சாவிகளும் இவை இரண்டிலும் சேராமல் பூட்டிவைக்கும் கருவியில் என்று பிரித்துவிட்டால், காப்பி செய்ய வேண்டிய தேவையே வராது. மாற்றத்தை அனுப்பும்முன் ‘லைவில் இப்போது இருப்பதற்கும் போகப்போவதற்கும் என்ன வித்தியாசம்’ என்று வரி வரியாகக் காட்டச் சொல்லி, எழுதியவர் அல்லாத இன்னொருவர் பார்ப்பது பழைய வழி. இன்றும் அதைவிட மலிவான காப்பீடு கிடையாது. ஒரு மதிப்பை மாற்ற நினைத்தவர் அந்தப் பட்டியலில் ஏழு வரிகளைப் பார்த்தால், அங்கேயே நின்றுவிடலாம்.

கோடும் தன் பங்குக்குச் சந்தேகப்பட வேண்டும். ஸ்டார்ட் ஆகும்போதே தேவையான மதிப்புகள் எல்லாம் இருக்கின்றனவா, எண் வர வேண்டிய இடத்தில் எண்தான் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் தெளிவாகச் சொல்லிவிட்டு நின்றுவிடலாம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்போது மோசமான கான்ஃபிக் வந்தால், அதை ஒதுக்கிவிட்டுக் கடைசியாகச் சரியாக இருந்ததோடு தொடரலாம். கிரவுட்ஸ்ட்ரைக்கிலும் கூகுளிலும் இந்தச் சந்தேகம்தான் இல்லாமல் போனது.

ஒரே பாதையில் இரண்டு முறை

இதை நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் இது எவ்வளவு கடினம் என்பதற்கு கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் கடந்த 2025ஆம் ஆண்டு இறுதி ஓர் உதாரணம். இணையதளங்களுக்கும் அவற்றைப் பார்ப்பவர்களுக்கும் நடுவில் நின்று வேகத்தையும் பாதுகாப்பையும் கவனிக்கும் நிறுவனம் இது. இது விழுந்தால், தொடர்பே இல்லாத நூறு தளங்கள் சேர்ந்து விழும்.

நவம்பர் 18, இந்திய நேரப்படி மாலை 4.50. எக்ஸ், சாட்ஜிபிடி உட்படப் பல தளங்கள் எர்ரர் காட்டத் தொடங்கின. நிறுவனத்தில் முதலில் இது பெரிய சைபர் தாக்குதல் என்றே சந்தேகித்தார்கள். சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. சிஸ்டம் விழுந்தது, தானாக எழுந்தது, மறுபடி விழுந்தது. உண்மையில் நடந்தது வேறு. ஒரு டேட்டாபேஸின் அனுமதிகளில் மாற்றம் செய்துகொண்டிருந்தார்கள். அந்த மாற்றம் படிப்படியாகத்தான் போனது. ஆனால் அந்த டேட்டாபேஸிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தயாராகி உலகம் முழுக்கப் போகும் ஒரு கான்ஃபிக் ஃபைல் இருந்தது. போலிப் பயனாளர்களை அடையாளம் காண உதவும் ஃபைல் அது. மாற்றம் எட்டிய சர்வரில் தயாரானால் வரிகள் இரட்டிப்பாகின. எட்டாத சர்வரில் தயாரானால் சரியாக இருந்தது. நல்ல ஃபைலும் கெட்ட ஃபைலும் மாறி மாறிப் போனதால்தான் அந்த விழுவதும் எழுவதும். அந்த ஃபைலில் 200 அம்சங்களுக்கு மேல் இருக்காது என்று கோடு நம்பியிருந்தது. வழக்கமாகச் சுமார் 60தான் இருக்கும். 200ஐத் தாண்டியதும் கோடு அப்படியே கைவிரித்துவிட்டது.

வாடிக்கையாளர்கள் பலர் அந்தச் சேவையைத் தற்காலிகமாக அணைத்துவிடலாம் என்று நினைத்து டாஷ்போர்டுக்குப் போனார்கள். உள்ளே நுழைய ‘நீங்கள் மனிதர்தானா’ என்று சோதிக்கும் கிளவுட்ஃப்ளேரின் சொந்த வசதியைத் தாண்ட வேண்டும். அதுவும் விழுந்திருந்தது. இரவு 8 மணி வாக்கில்தான் பெரும்பாலான போக்குவரத்து சீரானது.

கிளவுட்ஃப்ளேர் அன்றே நடந்ததைக் கோடு வரி உட்பட வெளிப்படையாக எழுதியது. தாங்களே உள்ளுக்குள் தயாரிக்கும் கான்ஃபிக்கையும் வெளியார் அனுப்பும் தரவைப் போலச் சந்தேகத்தோடு சரிபார்ப்போம் என்றது. வேலையும் தொடங்கியது. அது முடிவதற்குள் டிசம்பர் 5 வந்துவிட்டது. பரவலாகப் பயன்படும் ரியாக்ட் மென்பொருளில் வெளிவந்த ஓர் அபாயகரமான ஓட்டையிலிருந்து வாடிக்கையாளர்களைக் காக்க அவசரமாக ஒரு மாற்றம் செய்தார்கள். அந்த முதல் மாற்றம் படிப்படியாகத்தான் போனது. அதற்கு இடைஞ்சலாக இருந்த ஓர் உள் சோதனைக் கருவியை அணைக்கும் இரண்டாவது மாற்றம், விநாடிகளில் உலகம் முழுக்கப் போகும் அதே பழைய வழியில் போனது. பிற்பகல் 2.17 முதல் 2.42 வரை, 25 நிமிடங்களுக்கு, அந்த நிறுவனம் கையாளும் வலைப் போக்குவரத்தில் சுமார் 28 சதவிகிதம் பாதிக்கப்பட்டது.

நோக்கம் வாடிக்கையாளரைக் காப்பது. அணைத்தது வெறும் சோதனைக் கருவி. மாற்றம் மிகச் சின்னது. இரண்டு வாரத்துக்கு முன்புதான் அதே பாடம் படித்திருந்தார்கள். இத்தனைக்கும் பிறகு, பாதுகாப்பான வழி தயாராகும் வரை நெட்வொர்க்கில் மாற்றங்களை நிறுத்திவைப்பதாக நிறுவனம் அறிவித்தது. அடுத்த சில நாட்களில் தொடங்கிய திருத்த வேலைக்கு ‘ஃபெயில் ஸ்மால்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விழுந்தாலும் சின்னதாக விழு என்று அர்த்தம். அதன் முதல் வேலை, கோடு போகும் அதே படிப்படியான பாதையில் கான்ஃபிக்கையும் போகவைப்பது.